மென்பொருள் சோதனை வேலைக்கான முதல் நேர்காணல்: நீலகிரி இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு மென்பொருள் சோதனைத் துறையில், அதாவது டெஸ்டிங் வேலையில், முதன்முறையாகச் சேர முயல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினி அறிவியல் படித்தவர்களுக்கு மட்டும் உரிய வேலை அன்று இது. கணிதமோ இயற்பியலோ வணிகவியலோ படித்தவர்களும் இதில் நன்றாகச் செயல்பட முடியும். ஆனால் வாய்ப்புகளில் பெரும்பகுதி கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பதால், மலையில் இருப்பவர் வழிகாட்ட ஆளின்றித் தனியாகவே தயாராக வேண்டிய நிலை ஏற்படுகிறது.

புதியவருக்கு அனுபவம் இருக்காது என்பது நேர்காணல் நடத்துபவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு மென்பொருளைக் கையில் கொடுத்தால் இவர் எதையெல்லாம் கேட்பார், எங்கெல்லாம் சந்தேகப்படுவார், கண்டதைப் பிறருக்குப் புரியும்படி எழுதுவாரா என்பவற்றைத்தான் அவர் பார்க்கிறார். ஆகவே, நூற்றுக்கணக்கான கேள்வி பதில்களை மனப்பாடம் செய்வதைவிட, தமக்கு நன்கு தெரிந்த ஒரு சேவையை எடுத்துக்கொண்டு அதை அடிமுதல் நுனிவரை சோதித்துப் பழகுவதே சிறந்த தயாரிப்பு என்று உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த ஒரு பயிற்சியைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதற்படி: விளம்பரத்தைச் சொல் சொல்லாகப் படித்தல்

வேலை விளம்பரத்தில் மேனுவல் டெஸ்டிங் (ஆளே இயக்கிச் சோதிப்பது) கேட்கிறார்களா, ஆட்டோமேஷன் (நிரல் எழுதித் தானாகச் சோதிக்க வைப்பது) கேட்கிறார்களா, இரண்டும் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பட்டப் பிரிவு, தேர்ச்சி பெற்ற ஆண்டு, மதிப்பெண் வரம்பு ஆகிய நிபந்தனைகளைச் சரிபாருங்கள். பிறகு, அதில் குறிப்பிடப்பட்டுள்ள ஒவ்வொரு கருவியையும் நுட்பத்தையும் ஒரு தாளில் எழுதி, தெரிந்தது, ஓரளவு தெரிந்தது, தெரியாதது என்று பிரித்துக்கொண்டால், எஞ்சியிருக்கும் நாட்களில் எதைப் படிப்பது என்ற குழப்பம் இராது.

இரண்டாம் படி: அடிப்படைகளைச் சொந்தச் சொற்களில் சொல்லப் பழகுதல்

எரர், டிஃபெக்ட், ஃபெயிலியர் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பிலிருந்து தொடங்கலாம். மனிதர் செய்யும் தவறு எரர்; அதன் விளைவாக நிரலிலோ ஆவணத்திலோ தங்கிவிடும் குறைபாடு டிஃபெக்ட்; அந்த நிரல் இயங்கும்போது வெளியே தெரியும் பிறழ்ச்சி ஃபெயிலியர். யூனிட் (நிரலின் தனிப் பகுதி), இன்டெக்ரேஷன் (பகுதிகளின் இணைப்பு), சிஸ்டம் (முழு மென்பொருள்), அக்செப்டன்ஸ் (பயனாளர் ஏற்பு) என்னும் சோதனை நிலைகளையும், முக்கியச் செயல்பாடுகள் இயங்குகின்றனவா என்று முதலில் விரைவாகப் பார்க்கும் ஸ்மோக் சோதனையையும், ரீடெஸ்ட்டுக்கும் ரிக்ரெஷனுக்கும் உள்ள வேறுபாட்டையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்யப்பட்ட அதே பிழையை மீண்டும் பார்ப்பது ரீடெஸ்ட்; அந்தத் திருத்தத்தால் முன்பு சரியாக இருந்த வேறு பகுதிகள் கெட்டுவிட்டனவா என்று பார்ப்பது ரிக்ரெஷன்.

மென்பொருள் சோதனையாளர்களுக்கான சான்றிதழ்த் தேர்வை வகுக்கும் ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்னும் பன்னாட்டு அமைப்பின் ஃபவுண்டேஷன், அதாவது தொடக்க, நிலைப் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2023இல் அதன் நான்காம் பதிப்பு வெளிவந்தது. தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. சான்றிதழ் இருந்தால் நல்லது என்றாலும், முதல் வேலைக்கு முன்பே அதற்குக் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாடத்திட்டத்தைப் படித்து, அதிலுள்ள ஏழு சோதனைக் கோட்பாடுகளையும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுடன் விளக்க முடிந்தால் போதும். சோதனை பிழைகள் இருப்பதைக் காட்டுமே தவிர, பிழைகளே இல்லை என்று நிறுவாது என்பது அவற்றில் முதலாவது. இதை உணர்ந்தவர், எப்போது சோதனையை நிறுத்துவீர்கள் என்ற கேள்விக்கு எல்லாப் பிழைகளையும் கண்டுபிடித்த பிறகு என்று பதில் சொல்லமாட்டார்.

வரலாற்றில் நிகழ்ந்த ஒரு தோல்வியையாவது விவரமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட ஏரியன் 5 ராக்கெட், புறப்பட்டு ஒரு நிமிடத்திற்குள்ளேயே திசைமாறிச் சிதறியது. முந்தைய ஏரியன் 4இல் சரியாக இயங்கிவந்த நிரலின் ஒரு பகுதி, புதிய ராக்கெட்டின் பறக்கும் பாதைக்கேற்ப மீண்டும் போதிய அளவு சோதிக்கப்படாமல் அப்படியே பயன்படுத்தப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம் என்பதால், 16 பிட் எண்ணில் அடங்கக்கூடிய உச்ச அளவான 32,767ஐ ஒரு மதிப்பு தாண்டிவிட, வழிகாட்டும் கணினி செயலிழந்தது. எல்லை மதிப்புகளை ஏன் சோதிக்க வேண்டும், ஏற்கெனவே ஓடிய நிரலைப் புதிய சூழலில் ஏன் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஒரு நிகழ்வே விடையளிக்கும்.

மூன்றாம் படி: இ-பாஸை எடுத்துக்கொண்டு டெஸ்ட் கேஸ் எழுதுதல்

பேனாவை எப்படிச் சோதிப்பீர்கள், லிஃப்டை எப்படிச் சோதிப்பீர்கள் என்ற கேள்விகள் நேர்காணல்களில் அடிக்கடி வருகின்றன. இவற்றுக்கு உடனே பட்டியல் ஒப்பிப்பவரைவிட, யார் பயன்படுத்துவது, எந்த நோக்கத்திற்கு, எந்த வரம்புக்குள் என்று முதலில் கேட்பவரே நல்ல மதிப்பெண் பெறுகிறார். அந்தப் பழக்கம் படியவும், டெஸ்ட் கேஸ், அதாவது எந்த உள்ளீட்டுக்கு என்ன விளைவு வர வேண்டும் என்ற குறிப்பு, எழுதிப் பழகவும், நம் மாவட்டத்தார் அனைவருக்கும் தெரிந்த இ-பாஸ் நடைமுறை மிகப் பொருத்தமான பொருள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் என்னும் இணையவழி நுழைவு அனுமதி கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கோடைக் காலத்திற்கு, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. இந்தச் சில வாக்கியங்களையே ஒரு தேவை ஆவணமாகக் கருதி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் கேள்விகளை எழுத வேண்டும். வார இறுதி என்பது சனியும் ஞாயிறும் மட்டுமா, வெள்ளி மாலையும் சேருமா? வியாழக்கிழமை பொங்கல் வந்தால் எந்த வரம்பு? வெள்ளி இரவு மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு நள்ளிரவு கடந்து சோதனைச் சாவடியை அடையும் வாகனம் எந்த நாளின் கணக்கில் சேரும்? மூன்று நாள் தங்குபவர் நுழையும் நாளில் மட்டும் எண்ணப்படுவாரா, மூன்று நாளும் எண்ணப்படுவாரா? ரத்து செய்யப்பட்ட பாஸின் இடம் இன்னொருவருக்குக் கிடைக்குமா? உதகையில் குடியிருப்பவர் கோயம்புத்தூர் பதிவெண் கொண்ட காரை வைத்திருந்தால் அது உள்ளூர் வாகனமா? நிரல் எழுதப்படும் முன்பே இக்கேள்விகளைக் கேட்பதுதான் மிகக் குறைந்த செலவில் பிழையைத் தடுக்கும் வழி. நேர்காணலில் இத்தகைய நான்கு கேள்விகளை நீங்கள் எழுப்பினால், நாற்பது விளக்கங்களை ஒப்பித்ததைவிட அது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

அடுத்ததாக, ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷனிங். வாகனப் பதிவெண் என்ற ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, ஒரே விதமாக நடத்தப்பட வேண்டிய உள்ளீடுகளை ஒரு குழுவாக்குங்கள். டி.என். 43 என்று தொடங்கும் நீலகிரி எண் ஒரு குழு. தமிழகத்தின் பிற மாவட்ட எண்கள் ஒரு குழு. கேரள, கர்நாடக எண்கள் ஒரு குழு. மாநிலக் குறியீடே இல்லாமல் ஆண்டில் தொடங்கும் பி.எச். வரிசை எண்கள் ஒரு குழு. வெற்றுக் கட்டமும் சிறப்புக் குறிகளும் செல்லாத குழுக்கள். பி.எச். வரிசை 2021இல்தான் அறிமுகமானது என்பதால், மாநிலக் குறியீட்டை எதிர்பார்த்து எழுதப்பட்ட எந்தப் பழைய நிரலும் அங்கே தடுமாறக்கூடும் என்று ஒரு சோதனையாளருக்குத் தோன்ற வேண்டும்.

பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ், அதாவது எல்லை மதிப்புகளைச் சோதிப்பது, செய்வதற்கு உச்சவரம்பே இருக்கிறது. 5,999ஆவது, 6,000ஆவது, 6,001ஆவது விண்ணப்பங்களுக்கு என்ன நிகழ வேண்டும் என்று தனித்தனியே எழுதுங்கள். 8,000க்கும் அவ்வாறே செய்யுங்கள். எஞ்சியிருக்கும் ஒரே இடத்துக்கு இருவர் ஒரே நொடியில் விண்ணப்பித்தால் என்னவாகும் என்பதையும் சேருங்கள். நேற்றைய தேதி, இன்றைய தேதி, 2028 பிப்ரவரி 29 ஆகியவையும் எல்லைகளே.

நிபந்தனைகளின் சேர்க்கைகளுக்கு என்ன முடிவு என்று காட்டும் அட்டவணையான டெசிஷன் டேபிளைப் பலர் படித்திருப்பார்கள், போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். உள்ளூர் வாகனமா, அரசுப் பேருந்தா, அன்றைய வரம்பு எட்டப்பட்டதா என்ற மூன்று நிபந்தனைகளுக்கு ஆம், இல்லை என்ற விடைகளைக் கொடுத்தால் எட்டுச் சேர்க்கைகள் வரும். உள்ளூர் வாகனம் என்றாலே மற்ற இரண்டையும் பார்க்கத் தேவையில்லை. பேருந்து என்றாலும் வரம்பு பொருட்டில்லை. ஆகவே எட்டும் நான்கு விதிகளாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஏன் செய்தீர்கள் என்று தாளில் வரைந்து விளக்க முடிந்தால், இந்த நுட்பம் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. இதைப்போலவே விண்ணப்பம், வழங்கல், ரத்து, சரிபார்ப்பு, காலாவதி ஆகிய நிலைகளை வட்டங்களாக வரைந்து, எந்த வட்டத்திலிருந்து எதற்குப் போகலாம் என்று அம்புக்குறியிட்டால் அதுவே ஸ்டேட் டிரான்ஸிஷன். ரத்து செய்த பாஸைச் சாவடியில் காட்டுவது போன்ற, நடக்கக் கூடாத மாற்றங்களையும் சோதனையாக எழுத மறவாதீர்கள்.

மலையை அறிந்தவருக்கு மட்டும் எளிதில் தோன்றும் சோதனைகளும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் சிக்னல் இல்லாத இடத்தில் பாஸைத் திறக்க முடியுமா? மே மாத மலர்க் கண்காட்சி நாட்களின் நெரிசலைத் தளம் தாங்குமா? தமிழில் பெயரைத் தட்டச்சு செய்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படக்கூடும் என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்கள் தேடலில் பொருந்தாமல் போகலாம். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தில், முன்னெழுத்து மட்டும் உள்ள நம் பெயர்கள் மாட்டிக்கொள்கின்றன. தமிழ்ப் பயனாளர்களின் இத்தகைய சிக்கல்களை அனுபவத்தால் அறிந்திருப்பது உங்களுடைய உண்மையான பலம். அதைத் தயங்காமல் நேர்காணலில் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சி நோட்டுப் புத்தகத்தோடு நிற்க வேண்டும். உண்மையான அரசுத் தளத்தில் பொய்யான விவரங்களை இட்டு விண்ணப்பிப்பதும், அனுமதியின்றி அதிக சுமை ஏற்றிப் பார்ப்பதும் பிறரின் இடத்தைப் பறிக்கும் செயல்கள். சட்டச் சிக்கலையும் கொண்டுவரும்.

நான்காம் படி: பிழையைக் கண்டு அறிக்கை எழுதுதல்

இயக்கிப் பார்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட பயிற்சித் தளங்கள் உள்ளன. சாஸ் டெமோ என்னும் மாதிரிக் கடை அவற்றுள் ஒன்று. அதில் உள்நுழைவதற்கான பயனர் பெயர்களும் கடவுச்சொல்லும் முகப்பிலேயே தரப்பட்டிருக்கின்றன. சில கணக்குகளில் வேண்டுமென்றே பிழைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பிழைகளைத் தேடி, ஒவ்வொன்றையும் பின்வரும் அமைப்பில் எழுதுங்கள்.

தலைப்பு: பிராப்ளம் யூசர் கணக்கில், பொருட்பட்டியலின் எல்லாப் பொருட்களுக்கும் ஒரே படம் தெரிகிறது.
சூழல்: உலாவியும் அதன் பதிப்பும், இயங்குதளம், சோதித்த தேதி.
படிகள்: 1. தளத்தைத் திறக்கவும். 2. பிராப்ளம் யூசர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு உள்நுழையவும். 3. பொருட்பட்டியலைப் பார்க்கவும்.
எதிர்பார்த்தது: ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய படம்.
கிடைத்தது: எல்லாவற்றுக்கும் ஒரே படம். திரைப்பிடிப்பு இணைப்பில்.

தலைப்பை மட்டும் படித்தே எங்கே, என்ன தவறு என்று புரிய வேண்டும். 'படம் வரவில்லை' என்பது போன்ற தலைப்பு யாருக்கும் உதவாது. அறிக்கையை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுங்கள், ஏனெனில் வேலையில் எழுதப்போவது ஆங்கிலத்தில்தான்.

இங்கேதான் சிவியாரிட்டியும் பிரையாரிட்டியும் வருகின்றன. சிவியாரிட்டி என்பது பிழையால் மென்பொருளுக்கு ஏற்படும் பாதிப்பின் அளவு. பிரையாரிட்டி என்பது அதை எவ்வளவு விரைவாகச் சரிசெய்ய வேண்டும் என்பது. முகப்புப் பக்கத்தில் உதகமண்டலம் என்ற பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால் பாதிப்பு குறைவு, ஆனால் அவசரம் அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ஓர் அறிக்கையில், அரிதான ஒரு சேர்க்கையில் மென்பொருள் முடங்கினால் பாதிப்பு பெரிது, அவசரம் குறைவாக இருக்கலாம். பிழை நியூ நிலையில் தொடங்கி, அசைன்டு, ஃபிக்ஸ்டு, ரீடெஸ்ட் வழியாக குளோஸ்டு ஆவதையும், இடையில் ரிஜெக்டட், டூப்ளிகேட், ரீஓபன் நிலைகளுக்குப் போவதையும் உங்கள் அறிக்கை ஒன்றைக் கொண்டே விளக்குங்கள்.

ஐந்தாம் படி: கருவிகள்

மேனுவல் வேலைக்கும் எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தள மொழியைக் கேட்பார்கள். செலெக்ட், வேர், ஜாயின், குரூப் பை, ஹேவிங் வரை கையால் எழுதத் தெரிந்தால் பெரும்பாலான கேள்விகளைச் சமாளிக்கலாம். இ-பாஸ் பட்டியலில் ஒரே நாளில் இரண்டு பாஸ் பெற்ற வாகனங்களைக் கண்டுபிடிப்பது குரூப் பை, ஹேவிங் பயிற்சி. பாஸ் பெற்றும் சாவடிக்கு வராத வாகனங்களைக் கண்டுபிடிப்பது லெஃப்ட் ஜாயின் பயிற்சி. மென்பொருள்கள் ஒன்றோடொன்று தரவு பரிமாறும் வழியான ஏ.பி.ஐ.யைச் சோதிக்கப் போஸ்ட்மேன் என்னும் கருவியைப் பயன்படுத்திப் பழகி, சேவையகம் பதிலாக அனுப்பும் 200, 201, 400, 401, 403, 404, 500 ஆகிய குறியீடுகளின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். வெற்றி என்று பொருள்படும் 200 வந்தாலும் உள்ளே தவறான தரவு இருக்கக்கூடும்; அதையும் சரிபார்ப்பேன் என்று சொல்ல வேண்டும்.

ஆட்டோமேஷனில் உலாவியைத் தானாக இயக்கும் செலினியம், பிளேரைட் என்னும் கருவிகள் இரண்டும் இலவசம். ஒன்றை மட்டும் எடுத்து, சாஸ் டெமோவில் உள்நுழைந்து ஒரு பொருளை வாங்கிமுடிக்கும் சிறு நிரலை நீங்களே எழுதுங்கள். பிறர் எழுதியதை நகலெடுத்து வைத்திருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: தன்விவரக் குறிப்பும் பேச்சும்

தன்விவரக் குறிப்பு ஒரு பக்கம் போதும். ஓரிரு மணிநேரம் காணொளி பார்த்த கருவிகளை எல்லாம் அதில் எழுதாதீர்கள். எழுதிய ஒவ்வொரு சொல்லும் கேள்விக்கான அழைப்பு. மேலே செய்த டெஸ்ட் கேஸ்களையும் பிழை அறிக்கைகளையும் ஒரு கோப்பாக்கி, இணைப்பைக் கொடுங்கள்.

தமிழ்வழியில் படித்த பலர் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சுகிறார்கள். சோதனை வேலைக்கு வேண்டியது அலங்கார ஆங்கிலம் அன்று. சிறு வாக்கியங்களில், வரிசை மாறாமல், தெளிவாகச் சொல்லும் ஆங்கிலம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற முதல் கேள்விக்கு ஒன்றரை நிமிடப் பதிலைத் தயாரித்து, அதன் இறுதியில் இ-பாஸ் பயிற்சியைக் குறிப்பிடுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அதைப் பற்றியே வரும், அங்கே நீங்கள் உறுதியாக நிற்கலாம். ஏன் டெஸ்டிங் என்று கேட்டால், நிரல் எழுத வராததால் என்ற பொருள்படப் பேசாதீர்கள். நீங்கள் காட்டிய பிழையைப் பிழையே அல்ல என்று டெவலப்பர் மறுத்தால் என்ன செய்வீர்கள் என்பதும் வழக்கமான கேள்வி: தேவை ஆவணத்தையும் மறுபடி நிகழ்த்திக் காட்டும் படிகளையும் முன்வைப்பேன், அப்போதும் உடன்பாடு வராவிட்டால் குழுத் தலைவரிடமோ வணிகப் பொறுப்பாளரிடமோ முடிவைக் கேட்பேன் என்பது நேர்மையான பதில். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, அதைக் கண்டுபிடிக்க எந்த வழியில் முயல்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: நேர்காணல் நாளும் மலைப்பாதையும்

கோயம்புத்தூரில் காலை நேர்காணல் என்றால், முந்தைய நாளே மலையிறங்கிவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் பாதையில் மண்சரிவு ஏற்பட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் மேட்டுப்பாளையம் போக வேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு உதகை வரை ஏறி இறங்கும் பயணமே நெடியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கு மழையும் கடுமை. குண்டல்பேட்டை வழியாக மைசூர், பெங்களூர் செல்பவர்கள், பந்திப்பூர் காட்டுச்சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருப்பதை மனத்தில் வைத்துப் புறப்படும் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

இணையவழி நேர்காணலுக்கு, மின்சாரமும் இணையமும் ஒருசேர நிற்கும் நாட்களை எதிர்பார்த்தே ஏற்பாடு செய்யுங்கள். மடிக்கணினியையும் கைப்பேசியையும் முழுமையாக மின்னேற்றி, வீட்டு இணைப்போடு வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சிக்னல் குறைவென்றால் நகரத்திலுள்ள உறவினர் வீட்டில் ஓர் அறையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இணைப்பு அறுந்தால் அழைப்பதற்காக நிறுவனத் தொடர்பாளரின் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

எட்டாம் படி: நேர்காணல் முடிந்த பிறகு

கேட்கப்பட்ட கேள்விகளை அன்றே, வீடு திரும்பும் பேருந்திலேயே எழுதிவிடுங்கள். தடுமாறிய கேள்விகளைத் தனியே குறித்து, அடுத்த நேர்காணலுக்கு முன் அவற்றை முடியுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் தவறில்லை.

வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தால் சம்பளத்தைப் பார்க்கும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள். முன்பணம், பயிற்சிக் கட்டணம், திரும்பத் தரும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இல்லாத அனுபவத்திற்குப் போலிச் சான்றிதழ் தருகிறோம் என்று அணுகுபவர்களிடமிருந்தும் விலகி நில்லுங்கள். நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு நடத்துகின்றன, சேர்ந்து மாதங்கள் கழித்தும் வேலை போகும். குறிப்பிட்ட காலம் வரை விலகக் கூடாது என்ற ஒப்பந்தம் இருந்தால் அதன் காலத்தையும் தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டலாம். அவற்றை யாரிடமும் விட்டுவிட்டு வராமல், நகலை மட்டும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்.